சின்ன கேம்பர் வேனுக்கு விளக்கு: ஃபேனுக்குக் கரண்ட் மிச்சம் வைப்பது எப்படி

வேனுக்குள் படுத்துத் தூங்குவது என்றால் சென்னைக்காரர்களுக்கு முதல் கவலை வெளிச்சம் அல்ல, காற்று. 12 வோல்ட் ஃபேன் ஒன்று 15 முதல் 20 வாட் வரை இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 120 முதல் 160 வாட்-மணி அதற்கே போய்விடும். ஓம்னி, ஈக்கோ மாதிரி சின்ன வண்டியில் இடம் பார்த்து வைக்கக்கூடிய பேட்டரியோ 12 வோல்ட் 40 ஏஹெச் (ஆம்பியர்-மணி) அளவுதான். அது சாதா லெட் ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக, கையில் இருப்பது சுமார் 240 வாட்-மணி. இதில் விளக்குக்கு எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறோமோ, அவ்வளவும் விடியற்காலையில் ஃபேன் நிற்காமல் ஓடுவதற்கு உதவும். மே மாதம் பழவேற்காட்டுக் கரையில் வண்டியைப் போட்டுத் தூங்கும் குடும்பத்துக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரக் காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே விளக்கு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எந்த விளக்கு, எத்தனை வாட், ஒரு ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பெருக்கினால் போதும். உதாரணத்துக்கு ஒரு ஈக்கோ: கூரை விளக்கு 4 வாட், மூன்று மணி நேரம், 12 வாட்-மணி. அடுப்புப் பக்கம் 3 வாட், ஒரு மணி நேரம், 3 வாட்-மணி. படிக்கும் விளக்கு இரண்டு, தலா 2 வாட், ஒரு மணி நேரம், 4 வாட்-மணி. தரையில் கால் வைக்கும் இடத்தைக் காட்ட ராத்திரி முழுக்க எரியும் கால் விளக்கு 0.3 வாட், எட்டு மணி நேரம், 2.4 வாட்-மணி. மொத்தம் 21.4. பேட்டரியில் 2 ஏஹெச் கூட ஆகாது. இதே வேலைக்குப் பழைய இழை பல்புகளைப் போட்டால் கூரைக்கு மட்டும் 10 வாட் பல்பு இரண்டு, மூன்று மணி நேரம் என்றாலே 60 வாட்-மணி. வித்தியாசம் ஃபேனுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

ஒரே பெரிய விளக்கு வேண்டாம்

எல்.இ.டி. என்றாலே மிச்சம் என்று நினைத்து, கூரை நடுவில் 18 வாட் பேனல் ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். வேனுக்குள் அது கண்ணைக் கூசும், தலை நிழல் புத்தகத்தின் மேல் விழும், அடுப்பு மூலை இருட்டாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தில் 54 வாட்-மணியும் போயிருக்கும்.

விளக்கின் வாட்டைக் குறைப்பதைவிட அதைப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் உண்மையான மிச்சம். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன விளக்கை 40 சென்டிமீட்டருக்கு இறக்கினால் புத்தகத்தின் மேல் விழும் வெளிச்சம் ஆறு மடங்குக்கு மேல் கூடும். அதாவது தலைமாட்டில் வளையும் கழுத்துள்ள 1.5 வாட் விளக்கு செய்யும் வேலையைக் கூரையிலிருந்து செய்ய 9 வாட் வேண்டும். சின்ன வேனில் எந்த வேலையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நடக்கிறது. அதனால் வேலை நடக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்ன விளக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் என்று யோசியுங்கள்.

அளவு சொல்வதானால்: உட்கார்ந்து பேச, சாப்பிட, கூரையிலிருந்து 300 முதல் 400 லூமன் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) தாராளம். வெட்டுப் பலகையும் அடுப்பும் இருக்கும் இடத்துக்கு 250 முதல் 300. படிப்பதற்குப் பக்கத்து விளக்காக இருந்தால் 100 முதல் 150. கால் வைக்கும் இடத்துக்கு 10 லூமனே அதிகம். நல்ல எல்.இ.டி. வாட்டுக்கு 80 முதல் 120 லூமன் தரும், பழைய இழை பல்பு 10 லூமன் அளவில்தான் தரும். பெட்டியில் லூமன் எழுதாமல் வாட் மட்டும் பெரிதாக எழுதியிருந்தால் அந்த வாட்டையும் நம்ப வேண்டாம்.

உள் அலங்காரமும் கணக்கில் வரும். வெள்ளை அல்லது வெளிர் கிரீம் நிற ரெக்ஸின் கூரை விழும் வெளிச்சத்தில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பும். கரும்பழுப்பு மைக்கா ஒட்டிய பிளைவுட் பெரும்பாலானதை விழுங்கிவிடும். இன்டீரியர் வேலை இன்னும் முடியவில்லை என்றால் கூரையையும் மேல் பாதிச் சுவரையும் வெளிர் நிறத்தில் செய்யச் சொல்லுங்கள். அழுக்குத் தெரியும் என்று ஆசாரி சொல்வார், துடைத்துக்கொள்ளலாம்.

நிறம்

விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நம் கடைகளில் கேட்காமல் கொடுப்பது 6500 கெல்வின் கூல் டே லைட். பளீரென்று இருக்கும், ஆனால் தூங்கப் போகிற இடத்துக்கு ஒத்துவராது. கூரைக்கும் படுக்கைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் கேளுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் 4000 இருக்கலாம்.

மழைக்கால மாலைகளில் ஈசல் இன்னொரு காரணம். பூச்சிகளுக்கு நீலமும் புற ஊதாவும்தான் நன்றாகத் தெரியும், கூல் டே லைட்டில் நீலம் அதிகம். வார்ம் அல்லது ஆம்பர் விளக்கு போட்டால் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது உள்ளே வரும் ஈசலும் வண்டும் கண்ணில் படும்படி குறையும். கொசுவுக்கு இது மருந்தல்ல. கொசு நம் மூச்சையும் உடல் சூட்டையும் தேடி வருவது, அதற்கு வலைதான்.

சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. ரீலில் சுற்றி விற்கும் மலிவான எல்.இ.டி. பட்டைகளில் 70 அளவில் இருக்கும், அதில் சிவப்புதான் முதலில் செத்துப்போகும். காசிமேட்டில் வாங்கிய மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா, பழுப்பாகிவிட்டதா என்று அந்த வெளிச்சத்தில் சொல்லவே முடியாது. அடுப்புப் பக்கத்து விளக்குக்கு 90 சி.ஆர்.ஐ. கேட்டு வாங்குங்கள். அதே வாட்டில் லூமன் கொஞ்சம் குறையும், அந்த நஷ்டத்தை ஏற்கலாம். மற்ற இடங்களுக்கு 80 போதும்.

12 வோல்ட் என்பது 12 வோல்ட் அல்ல

வேனில் விளக்கு அடிக்கடி போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது சுமார் 12.7 வோல்ட், பாதி இறங்கினால் 12.1 பக்கம். எஞ்சின் ஓடும்போதோ சோலார் சார்ஜ் ஆகும்போதோ 14.4 வரை ஏறும். சாதா எல்.இ.டி. பட்டையில் மூன்று எல்.இ.டி.யும் கரண்டை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் வரிசையாக இருக்கும். மூன்று எல்.இ.டி. சேர்ந்து 9 வோல்ட் அளவு எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். 14.4 வந்தால் ரெசிஸ்டரில் விழுவது 5.4 ஆகிறது. வோல்டேஜ் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் கரண்ட் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். பட்டை கையால் தொட முடியாத சூடாகும், பசை இளகும், சில மாதங்களில் மூன்று மூன்று எல்.இ.டி.யாக அணைய ஆரம்பிக்கும். மூன்று சேர்ந்தாற்போல் அணைந்திருந்தால் காரணம் இதுதான் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம்.

இதற்கு இரண்டு வழிகள். முதல் வழி, உள்ளேயே கரண்ட் டிரைவர் (வோல்டேஜ் மாறினாலும் கரண்டைச் சீராக வைக்கும் சர்க்யூட்) வைத்த விளக்கு வாங்குவது. அதன் மேல் 10-30 வோல்ட் அல்லது 9-32 வோல்ட் என்று எழுதியிருக்கும். 10-லும் 15-லும் ஒரே வெளிச்சம்தான் தரும். இந்த விஷயத்தில் வட சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மணலி, மாதவரம், எண்ணூர் சாலை ஓரங்களில் கண்டெய்னர் லாரிகளுக்கும் ட்ரெய்லர்களுக்கும் வயரிங் செய்யும் எலக்ட்ரிக் கடைகளில் இப்படிப்பட்ட கேபின் விளக்குகள் கிடைக்கும். குலுக்கலுக்கும் தூசிக்கும் தயாரான பொருள், கேம்பர் என்று பெயர் போட்டு ஆன்லைனில் விற்பதைவிட விலையும் பெரும்பாலும் குறைவு.

ஆனால் அங்கே ஒரு எச்சரிக்கை. கனரக லாரிகள் 24 வோல்ட், உங்கள் வேன் 12 வோல்ட். 24 என்று மட்டும் போட்டிருக்கும் பட்டை வேனில் எரியவே எரியாது. அதில் ஆறு ஏழு எல்.இ.டி. வரிசையாக இருப்பதால் 12 வோல்ட் அதைத் தட்டி எழுப்பப் போதாது. 12-24 என்றோ 10-30 என்றோ இருந்தால் மட்டும் வாங்குங்கள். "அண்ணே, பன்னெண்டு வோல்ட் பேட்டரில போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால் எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள். மல்டிமீட்டர் கையில் இருந்தால் 10 ஆம்பியர் துளையில் ப்ரோபை மாற்றி, விளக்குக்குப் போகும் ஒரு வயரில் வரிசையாக வைத்து கரண்டைப் பார்த்துவிடலாம். 12.5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் என்றால் அது 4 வாட் விளக்கு, பெட்டியில் 12 வாட் என்று இருந்தாலும் சரி.

இரண்டாவது வழி, ரீலில் கிடைக்கும் சாதா பட்டையை வாங்கி அதன் முன் வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது. ரிச்சி தெருவில் எல்.எம்.2596 என்ற பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும்) மாட்யூல், திருகி அளவு வைக்கும் சின்ன நீல நிற ட்ரிம்மருடன் கிடைக்கும். அதில் 3 ஆம்பியர் என்று சொல்வார்கள், ஹீட் சிங்க் இல்லாமல் 2 ஆம்பியருக்கு மேல் கொடுக்காதீர்கள். வேனில் உங்கள் பட்டைகள் எல்லாம் சேர்ந்தே ஒரு ஆம்பியரைத் தாண்டாது என்பதால் ஒன்றே போதும். இன்புட்டில் பேட்டரியைக் கொடுத்து, அவுட்புட்டில் மீட்டரை வைத்து, ட்ரிம்மரைத் திருகி 11.5 வோல்ட்டில் நிறுத்துங்கள். அதன் பிறகுதான் பட்டையை இணைக்க வேண்டும். 12-க்குப் பதில் 11.5 என்றால் கரண்ட் சுமார் ஆறில் ஒரு பங்கு குறையும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பட்டை குளிர்ச்சியாக இருக்கும். ட்ரிம்மர் குலுக்கலில் நகராமலிருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள்.

விளக்குகளின் தனித்தனி சுவிட்ச் போக, மாட்யூலுக்கு முன்னால், பேட்டரி பக்கம் ஒரு சுவிட்ச் வையுங்கள். பின்னால் மட்டும் வைத்தால் விளக்கு அணைந்திருக்கும்போதும் மாட்யூல் சில மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும்.

பட்டையில் மீட்டருக்கு எத்தனை வாட் என்று கேட்டு வாங்குவது முக்கியம். 9.6 வாட், 14.4 வாட் என்றெல்லாம் வரும். 4.8 வாட் பட்டையில் ஒரு மீட்டர் இருந்தாலே சின்ன வேனின் கூரைக்குச் சரி. 14.4 வாட் பட்டை இரண்டு மீட்டர் போட்டால் ஃபேனைவிட விளக்கு அதிகம் இழுக்கும். 12 வோல்ட் பட்டையை மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை கத்தரிக்கோல் குறி இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள். வண்ணம் மாறும் ஆர்.ஜி.பி. பட்டை வேண்டவே வேண்டாம். அதில் மூன்று நிறமும் கலந்து வரும் வெள்ளை வாட்டுக்குக் குறைந்த வெளிச்சம்தான் தரும், ரிமோட் ரிசீவர் வேறு இரவு பகலாகக் கரண்ட் எடுக்கும்.

பட்டையைப் பிளைவுட்டில் நேராக ஒட்டாமல் அலுமினிய சேனலில் ஒட்டுங்கள். சேனல் சூட்டை வாங்கிக்கொள்ளும், மேலே மாட்டும் பால் வெள்ளை மூடி புள்ளி புள்ளியாகத் தெரிவதை மறைக்கும். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய வேனுக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். பட்டையின் பின்னால் இருக்கும் மெல்லிய பசை அதில் நிற்காது. சேனலை ஸ்க்ரூவால் பொருத்திவிட்டால் பசை விட்டாலும் பட்டை சேனலுக்குள்ளேயே கிடக்கும். தண்ணீரும் தூசியும் புகாமல் சிலிக்கான் பூசிய ஐ.பி. 65 பட்டை கதவோரத்துக்கு மட்டும் போதும், உள்ளே எங்கும் போட்டால் சூடு வெளியேறாமல் மஞ்சளாகிவிடும்.

வண்டியோடு வந்த விளக்கு

கம்பெனி கூரை விளக்கைக் கழற்றி எறிய வேண்டாம். உள்ளே இருப்பது இரு முனையிலும் உலோகத் தொப்பி உள்ள ஃபெஸ்டூன் பல்பு. நீளத்தை அளந்து (31, 36, 41 மில்லிமீட்டர் என்று வரும்) அதே நீளத்தில் 1 வாட் வார்ம் எல்.இ.டி. மாற்றிக்கொள்ளுங்கள். எரியவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், எல்.இ.டி.க்குத் திசை உண்டு. கேன்பஸ் என்று எழுதிய பல்பு வேண்டாம். பல்பு இருக்கிறது என்று வண்டிக் கம்ப்யூட்டரை நம்பவைக்க அதற்குள் ஒரு ரெசிஸ்டர் வெறுமனே கரண்டை எரித்துச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஓம்னிக்கு அது தேவையே இல்லை.

பெரிய திருடன் கதவு சுவிட்ச். கேம்பராகப் பயன்படுத்தும்போது பக்கக் கதவு மாலை முழுக்கத் திறந்துதான் இருக்கும். 10 வாட் இழை பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. அதுவும் எஞ்சினைக் கிளப்ப வேண்டிய பேட்டரியிலிருந்து. முகாம் போட்டதும் அந்த விளக்கை ஆஃப் நிலைக்குத் தள்ளிவிடுங்கள்.

அந்த எஞ்சின் பேட்டரியில் புது விளக்குகள் எதையும் இணைக்காதீர்கள். சின்ன வேன்களில் அது 35 ஏஹெச் அளவுதான், ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுக்கச் செய்தது, மெதுவாக ஆழமாக இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். விளக்குக்கும் ஃபேனுக்கும் என்று வேனுக்குள் தனியாக வைக்கும் 'வீட்டு பேட்டரி'தான் சரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்கினால் 12.8 வோல்ட் 20 ஏஹெச் கிட்டத்தட்ட 256 வாட்-மணி, அதில் 200 வரை நிம்மதியாக எடுக்கலாம். 18 வாட் ஃபேன் எட்டு மணி நேரமும் மேலே சொன்ன விளக்குகளும் அதில் அடங்கும். ஆனால் அதை ஆல்டர்னேட்டரோடு நேராகக் கட்டாதீர்கள், இடையில் வோல்டேஜையும் கரண்டையும் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் இருக்க வேண்டும்.

வீட்டு 230 வோல்ட் பல்பை இன்வெர்ட்டர் வைத்து எரிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். எதுவும் இணைக்காமல் ஆன் செய்து வைத்தாலே சின்ன இன்வெர்ட்டர் 5 முதல் 10 வாட் எடுக்கும். 5 வாட் பல்புக்காக 15 வாட் வரை போகும்.

வயரிங்

விளக்குக்கான கரண்ட் சின்னது, ஆனால் ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். ஃப்யூஸ் வைப்பது பல்பைக் காப்பதற்கல்ல, வயர் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. அதனால் பாசிட்டிவ் முனையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். எல்லா விளக்குக்கும் சேர்த்து 5 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் போதும். தனித்தனி லைனுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போட்டால் இன்னும் நல்லது, ஒன்று போனால் மற்றவை எரியும்.

வயர் 1 சதுர மில்லிமீட்டர், பல இழைத் தாமிரம், வண்டிக்கென்று செய்தது. 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர். 2 ஆம்பியர் போனால் 1 சதுர மில்லிமீட்டரில் 0.36 வோல்ட் விழும், 0.5-இல் 0.7-ஐத் தாண்டும். சந்தையில் தாமிரம் பூசிய அலுமினிய வயரும் விற்கிறது. முனையைச் சீவிக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், வாங்காதீர்கள். ஒற்றைக் கம்பி வயரும் ஆகாது, குலுக்கலில் முறியும்.

நெகட்டிவ்வுக்கு வண்டி பாடியைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயராக இழுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று துரு, அதை அடுத்துச் சொல்கிறோம். மற்றொன்று, சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையில் இருக்கும் சோலார் கண்ட்ரோலர். மலிவான பி.டபிள்யூ.எம். வகைக் கண்ட்ரோலர்கள் பலவற்றில் பேட்டரிக்கும் லோடுக்கும் (விளக்கு, ஃபேன்) பாசிட்டிவ் பொது, லோடை அணைப்பது நெகட்டிவ் பக்கத்தில். விளக்கின் நெகட்டிவ் பாடியைத் தொட்டிருந்தால் கண்ட்ரோலர் லோடை அணைத்த பிறகும் கரண்ட் பாடி வழியாகத் திரும்பிவிடும், பேட்டரியைக் காப்பாற்ற வைத்த கட் ஆஃப் வேலை செய்யாது. கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று மாற்றி மாற்றி வாங்குபவர்கள் பலர், பிழை பெரும்பாலும் வயரிங்கில்தான் இருக்கும்.

தகட்டில் துளை போட்டால் ரப்பர் குரோமெட் (துளை ஓரத்தை மூடும் வளையம்) இல்லாமல் வயரைக் கடத்தாதீர்கள். கூரையில் துளை போடும் முன் லைனிங்கைத் தளர்த்தி உள்ளே என்ன ஓடுகிறது என்று கைவைத்துப் பாருங்கள். புது வண்டிகளில் பக்கவாட்டுக் கர்டன் ஏர்பேக் இருந்தால் அந்தத் தூண் ஓரமாக வயர் எதுவும் போகக் கூடாது. கம்பெனி வயரிங்கை வெட்டி இடையில் சேர்க்காதீர்கள், வாரண்டிக்கும் இன்சூரன்ஸுக்கும் அதனால் சிக்கல் வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. தனி பேட்டரி, தனி லைன், ஸ்க்ரூவில் கழற்றக்கூடிய சேனல் என்று வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிவிடலாம்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது கடலோரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர் பக்கம் தெருவில் நிற்கும் வண்டியில் உப்புக் காற்று இரவெல்லாம் படிகிறது. தாமிரத்தில் பச்சைக் களிம்பு பூக்கும், ரெசிஸ்டன்ஸ் ஏறும், விளக்கு மினுங்கும். அதைப் பார்த்து விளக்கை மாற்றுவார்கள், கோளாறு லக்கில் (வயர் முனையில் அழுத்தும் உலோக முனை) இருக்கும். எனவே ஈயம் பூசிய லக்கை நல்ல கிரிம்பிங் டூலால் அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டி மூடுங்கள். ஃப்யூஸ் ஹோல்டர் முனைகளில் லேசாக வாஸலின் தடவுங்கள். பாடி எர்த் வேண்டாம் என்று மேலே சொன்னதும் இதனால்தான், துருப்பிடிக்கும் முதல் இடம் பெயின்ட் சுரண்டிய அந்த போல்ட்தான்.

பேட்டரிப் பெட்டியும் ஃப்யூஸும் தரையிலிருந்து உயரமாக, சீட்டுக்கு மேல் மட்டத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வண்டியின் தரைவிரிப்புக்கு அடியில் போட்ட இணைப்பு எதுவும் அந்தத் தண்ணீரில் பிழைக்காது.

உள்ளே சின்ன சிலிண்டர் வைத்துச் சமைப்பவர்கள் கவனிக்க: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சுவிட்சும் ரிலேயும் சிலிண்டர் பக்கத்தில், தரை மட்டத்தில் இருக்கக் கூடாது. ஒரு சின்னப் பொறி போதும். வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் முதலில் கதவுகளைத் திறக்க வேண்டும்.

டிம்மரும் மறைந்து குடிப்பவையும்

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் நல்ல முதலீடு. 40 சதவீதத்தில் வைத்தால் செலவும் கிட்டத்தட்ட 40 சதவீதம்தான், ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு வெளிச்சம் அவ்வளவு குறைந்ததாகத் தெரியாது. மலிவான டிம்மர் துடிக்கும். போன் கேமராவை விளக்கை நோக்கிப் பிடியுங்கள், திரையில் கறுப்புப் பட்டைகள் தடிமனாக ஓடினால் அதை வாங்காதீர்கள், ஒரு மணி நேரம் படித்தால் தலை வலிக்கும். டிம்மரோ பக் கன்வெர்ட்டரோ ஓடும்போது எஃப்.எம். கரகரத்தால், வயரைச் சின்ன ஃபெரைட் வளையத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், வயரை ஆன்டெனாவிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

டிம்மரில் திருகு குமிழும் கிளிக் சத்தத்தோடு அணையும் சுவிட்சும் இருப்பதே நல்லது. தொட்டால் எரியும் வகை எப்போதும் விழித்திருக்கும். 10 மில்லி ஆம்பியர் அற்பமாகத் தெரியலாம், ஒரு மாதம் வண்டி நின்றால் 7.2 ஏஹெச். இப்படி மூன்று இருந்தால் 40 ஏஹெச் பேட்டரியின் பாதி, யாரும் பயன்படுத்தாமலே காலி. ஆள் அசைந்தால் எரியும் சென்சார் விளக்கு, யு.எஸ்.பி. சாக்கெட்டின் நீல எல்.இ.டி., வோல்ட் மீட்டர் எல்லாம் இந்தக் கூட்டம்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மெயின் சுவிட்ச் வைத்து, வீட்டுக்கு வந்ததும் அதைத் திருகி அணையுங்கள்.

கால் விளக்குக்குச் சிவப்பு அல்லது ஆழ்ந்த ஆம்பர். ராத்திரி எழுந்து செருப்பு தேடும்போது கண்ணின் இருட்டுப் பழக்கம் கலையாது, பக்கத்தில் தூங்கும் குழந்தையும் விழிக்காது. அதை ஜன்னல் மட்டத்துக்குக் கீழே பொருத்தினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வண்டிக்குள் ஆள் இருப்பதும் தெரியாது.

வேனை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கோ திருப்பதிக்கோ வாடகை வேனில் போகும் குடும்பத்துக்கு மேலே சொன்ன வயரிங் எதுவும் வேண்டாம். 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒன்றில் 37 வாட்-மணி இருக்கும். 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது போகும் நஷ்டம் போக, முதலில் போட்ட 21 வாட்-மணிக் கணக்கு அதில் அடங்கிவிடும். காந்த அடிப்பாகம் உள்ள யு.எஸ்.பி. விளக்கு இரண்டு, கொக்கியில் தொங்கும் ஒன்று. ஒரே இடைஞ்சல், 0.3 வாட் கால் விளக்கு மாதிரி சின்ன லோடை பவர் பேங்க் உணராமல் தானே அணைந்துவிடும். அதற்கு ரீசார்ஜ் வசதியுள்ள தனி விளக்கு வையுங்கள். பகலில் பவர் பேங்கை மூடிய வண்டியில் விட்டுப் போகாதீர்கள், கத்திரி வெயிலில் அது உப்பிவிடும்.

பொருத்தி முடித்ததும்

எல்லா விளக்கையும் எரியவிட்டு எஞ்சினைக் கிளப்புங்கள். எஞ்சினோடு சேர்ந்து வீட்டு பேட்டரியும் சார்ஜ் ஆகும் வண்டி என்றால் பேட்டரி முனையில் 14 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா பாருங்கள், அதே நேரத்தில் பட்டையின் முனையில் 11.5 நிற்கிறதா என்றும் பாருங்கள். கால் மணி நேரம் கழித்து சேனல், பக் மாட்யூல், ஃப்யூஸ் ஹோல்டர், ஒவ்வொரு லக் என்று விரல் வைத்துத் தடவுங்கள். சேனல் வெதுவெதுப்பாக இருக்கலாம். ஃப்யூஸ் ஹோல்டரோ லக்கோ சுட்டால் அங்கே லூஸ் காண்டாக்ட், கழற்றி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

பிறகு எஞ்சினை அணைத்து, எல்லா சுவிட்சையும் அணைத்து, மெயின் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கும்போது பேட்டரி வயரில் மீட்டரை வரிசையாக வைத்துப் பாருங்கள். 5 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் எது குடிக்கிறது என்று ஃப்யூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்டுபிடியுங்கள். கடைசியாக இருட்டிய பின் கதவை மூடி, படுக்கையில் படுத்துப் பாருங்கள். எந்த விளக்கின் புள்ளி நேராகக் கண்ணில் குத்துகிறதோ அந்தச் சேனலை அரை அங்குலம் உள்ளே தள்ள வேண்டும், ஸ்க்ரூவை இறுக்குவது அதற்குப் பிறகு. உதிரியாக 3, 5 ஆம்பியர் ஃப்யூஸ் தலா மூன்றும், ஒரு மீட்டர் பட்டையும், நாலைந்து லக்கும் ஒரு டப்பாவில் போட்டு ஸ்டெப்னி பக்கத்தில் வைத்துவிடுங்கள்.